லோட் ஷீட்டில் ஒன்று, ஹோல்டில் ஒன்று

விமானத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "ரெண்டு கிலோ கூட இருந்தா கவுன்ட்டர்ல விட மாட்டேங்குறாங்களே, அந்த ரெண்டு கிலோவுலயா பிளேன் விழுந்துடப் போகுது?"

விழாது. இருநூறு, முந்நூறு டன்னோடு கிளம்புகிற விமானத்துக்கு இரண்டு கிலோ ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தகராறு பெரும்பாலும் காசு சம்பந்தப்பட்டது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிற கட்டுப்பாடுகூட முக்கியமாக லோடரின் முதுகுக்காக வைத்தது. நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்த எடை விமானத்துக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது? தாளில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா? சரக்கு ஏற்றும் தவறால் விழுந்த விமானங்களின் கதையை எடுத்துப் பார்த்தால், மொத்த எடை கூடிப்போனது என்பதைவிட இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

சென்னை மீனம்பாக்கத்தில் ரேம்ப்பில், அதாவது விமானத்தை நிறுத்திச் சரக்கு ஏற்றுகிற தளத்தில் தொடங்கி, பிற்பாடு வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் லோட் கன்ட்ரோல் அறைக்குப் போனவன் நான். கத்திரி வெயிலில் டார்மாக்கில் நின்று ஏற்றவும் செய்திருக்கிறேன், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு "இதை இங்கே ஏற்று" என்று தாளில் உத்தரவும் போட்டிருக்கிறேன். தாளுக்கும், விமானத்தில் சரக்கு வைக்கிற அறையான ஹோல்டுக்கும் நடுவில் என்னென்ன நழுவும் என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை நடக்கிற விதம் சுருக்கமாக இதுதான். எந்த ஹோல்டில் என்ன போக வேண்டும் என்று லோட் கன்ட்ரோலில் இருப்பவர் ஒரு தாள் போடுவார். எல்.ஐ.ஆர். (லோடிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் ரிப்போர்ட்) என்று சொல்வோம். ரேம்ப்பில் இருக்கும் சூப்பர்வைசர் அதன்படி ஏற்றிவிட்டு, "சொன்னபடி ஏற்றியாயிற்று" என்று கையெழுத்துப் போடுவார். அதை வைத்து லோட் ஷீட் தயாராகும். மொத்த எடை இவ்வளவு, எடை மையம் இங்கே, வால்பக்கத்துச் சிறகை இத்தனை அளவில் வை என்று அது சொல்லும். பைலட் அந்த எண்களைக் கணினியில் போட்டு, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது, இன்ஜினுக்கு எவ்வளவு விசை கொடுப்பது என்று எடுத்துக்கொள்வார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிளம்புவதற்கு முன்னால் விமானத்தை யாரும் தராசில் வைப்பதில்லை. சரக்கைக் கிடங்கில் எடை போட்டிருப்பார்கள், பெட்டியைக் கவுன்ட்டரில் போட்டிருப்பார்கள், பயணிக்கு ஒரு சராசரி எடையை வைத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். கேப்டன் இறங்கி வந்து ஹோல்டைத் திறந்து எண்ணப் போவதில்லை. லோட் கன்ட்ரோலில் இருப்பவர் இப்போதெல்லாம் அதே ஊரில்கூட இருக்க வேண்டியதில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் நம்புகிறார், அவர் எழுதியதை அதற்கடுத்தவர் நம்புகிறார். அந்த வரிசையில் சரக்கைக் கண்ணால் பார்த்துக் கையால் தொடுகிற கடைசி ஆள், சம்பளப் பட்டியலில் கீழே இருக்கிற லோடர்.

எடை மையம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காவடி போட்டுத் தண்ணீர் சுமக்கிறவரைப் பார்த்தால் போதும். இரண்டு குடமும் நிறைந்திருந்தாலும் நடந்துவிடுவார். பின்னால் தொங்குகிற குடம் மட்டும் நிறைந்து முன்குடம் காலியாக இருந்தால் ஓரடி வைக்க முடியாது. விமானத்திலும் எடை அளவுக்கு மீறிப் பின்னால் போய்விட்டால் மூக்கு தானாக மேலே எழும்பும், பைலட் எவ்வளவு அழுத்தினாலும் கீழே வராது. ரொம்ப முன்னால் போனால் மூக்கு எழும்பவே எழும்பாது, ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும். இரண்டில் பின்னெடைதான் கொடியது. முன்னெடையாக இருந்தால் ஓட்டத்திலேயே சந்தேகம் வந்து நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. பின்னெடை பெரும்பாலும் சக்கரம் தரையை விட்ட பிறகுதான் முழுசாகத் தெரியும்.

1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் நடந்தது இதற்குச் சரியான பாடம். ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம், ஜீன்ஸ் தைக்கிற டெனிம் துணியை ஏற்றிக்கொண்டு சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பியது. தரையை விட்டதுமே மூக்கு செங்குத்தாக எழும்பியது, வேகம் செத்தது, ஓடுபாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும், தரையில் காருக்குள் இருந்த ஒருவரும் இறந்தார்கள். விசாரணையில் தெரிய வந்தது என்னவென்றால், அந்தச் சரக்குக்கு முதலில் வேறொரு விமானம் ஒதுக்கப்பட்டிருந்தது. கடைசியில் விமானத்தை மாற்றினார்கள். ஒரே ரகம்தான், ஆனால் கணக்கு வேறு. ஏற்றியவர்களின் கையில் இருந்த ஏற்பாடு ஒன்று, பைலட்டிடம் போன தாள் சொன்னது வேறொன்று. எடை மையம் தாளில் இருந்ததைவிடப் பின்னால் இருந்தது. தாளை நம்பி வால்சிறகை வைத்தார் பைலட். அந்த அமைப்பும் சேர்ந்துகொண்டு மூக்கைத் தூக்கிவிட்டது. சரக்கை அடுக்கிக் கட்டுகிற தட்டுகளான பேலட்டுகளைப் பிடித்து வைக்கிற லாக்குகள் பல சரியாகப் போடப்படவில்லை என்பதும் விசாரணையில் வந்தது.

"ஏர்கிராஃப்ட் சேஞ்ச்" என்று வாக்கி டாக்கியில் வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அதற்குக் காரணம் இந்த விபத்துதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு விமானம் கோளாறு என்று நிற்கும், பக்கத்தில் நிறுத்தியிருக்கிற இன்னொன்றைக் கொடுப்பார்கள். சரக்கு இழுக்கிற வண்டிகளான டாலிகளை அப்படியே இழுத்துக்கொண்டு போய் அதே தாளை வைத்து ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். "அதே ஏ-320தானே சார்" என்பார்கள். அதே ஏ-320தான். ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் வெற்று எடை வேறு, அதன் மையம் வேறு. ஒன்றில் ஹோல்டுக்குள் கன்டெய்னர் போகும், இன்னொன்றில் பெட்டிகளைக் கையால் அடுக்க வேண்டியிருக்கும். நான் பழகிக்கொண்ட பழக்கம் இது: விமானம் மாறினால் பழைய எல்.ஐ.ஆரைக் கிழித்து அவர்கள் முன்னாலேயே குப்பையில் போடுவது. மடித்துப் பாக்கெட்டில் வைத்தால் யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்கள். புதுத் தாளில் விமானத்தின் பதிவெண்ணை, வால்பக்கம் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முதல் பெட்டி பெல்ட்டில் ஏறும்.

லோடர்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு சம்பவம். சென்னையில் இருந்தபோது நடந்தது. சின்ன விமானம், பின் ஹோல்டில் கையால் அடுக்குகிற லோடு. அந்த ஹோல்டுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலில் தவழ்ந்தபடிதான் வேலை. உள்ளே இருந்தவர் வயதில் மூத்த அண்ணன் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி. பெல்ட்டில் வந்த அட்டைப் பெட்டியை வாங்கி, இடுப்பளவு தூக்கி, அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இது என்ன சரக்கு?"

"பனியன்ணே. திருப்பூர் பனியன்."

"பனியன் இப்படி இருக்காது. உள்ள இரும்பு இருக்கு."

தாளைப் பார்த்தேன். பின்னலாடை என்றுதான் இருந்தது. பெட்டியின் எடையும் பனியனுக்கு ஏற்ற எடைதான். மேலே இருந்த லேபிளும் அதையே சொன்னது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஏஜென்ட் ஆள் வாட்சைக் காட்டினார். அந்த அண்ணன் அசையவில்லை. "பேப்பர்ல என்ன வேணா எழுதியிருக்கட்டும். நான் தூக்குறேன்ல, எனக்குத் தெரியும். ஒண்ணு எடை போட்டுப் பாரு."

பெட்டியை இறக்கி எடை போட்டோம். எழுதியிருந்ததுபோல இரண்டு மடங்குக்கு மேல். திறந்தால் பம்பு செட்டின் வார்ப்பு உதிரிபாகங்கள். கோயம்புத்தூர் சரக்கு. ஒரே ஊருக்குப் போகிற இரண்டு பார்ட்டிகளின் சரக்குக்கு, கிடங்கில் லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். பனியன் பெட்டிகள் முன் ஹோல்டுக்குப் போகக் காத்திருந்தன, இரும்பு என்ற பெயரில். அதாவது மொத்த எடை தாளில் சரியாகவே இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோகூடப் பிசகியிருக்காது. ஆனால் கனமானது முன்னால், லேசானது பின்னால் என்று தாள் சொன்னது. விமானத்தில் நேர்மாறாக உட்காரப் போயிருந்தது. அந்த லோடு விமானத்தைக் கவிழ்த்திருக்குமா என்றால், அன்றைக்கு இருந்த அளவுக்குப் பெரும்பாலும் கவிழ்த்திருக்காது. பைலட் மூக்கு லேசாக எழும்புகிறதே என்று யோசித்திருப்பார். ஆனால் அதே தவறு பெரிய லோடில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மயாமி இருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம் எழுதும்போது ஏற்றுவதில் தாமதம் என்று 32 என்கிற குறியீட்டைப் போட்டார்கள். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பயன்படுத்துகிற குறியீடு அது. அது விழுந்தால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம், ஒப்பந்தக்காரர் அதை லோடர்கள் மேல் காட்டுவார். லேபிளை மாற்றி ஒட்டிய கிடங்கு மேல் அது விழுந்திருக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். பாதிதான் நடந்தது. தவறைக் கண்டுபிடித்தவனுக்குத் தண்டனை வருகிற மாதிரி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பாதுகாப்பு வாரம் கொண்டாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எடை போடுவதில் நடக்கிற சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பேலட் கட்டி முடித்த பிறகு, வலை, பிளாஸ்டிக் விரிப்பு, அடியில் வைக்கிற மரக்கட்டை எல்லாம் சேர்த்துத்தான் தராசில் ஏற்ற வேண்டும். சரக்கை மட்டும் எடை போட்டு, பேலட்டின் எடையைக் குத்துமதிப்பாகக் கூட்டுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மழைக்காலத்தில் அது அப்பட்டமாகப் பொய்யாகும். வெளியே நனைந்துகொண்டு நின்ற பேலட்டின் வலையும் மரமும் அட்டையும் தண்ணீரைக் குடித்துவிடும். எடை போட்ட பிறகு நனைந்திருந்தால் மறுபடி போடுங்கள். இன்னொன்று, சரக்கு அனுப்புகிறவர் சொல்கிற எடையை அப்படியே எழுதிக்கொள்வது. கட்டணம் எடையை வைத்துத்தான். குறைத்துச் சொல்ல எல்லோருக்கும் ஆசை இருக்கும்.

எடையும் இடமும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது அங்கேயே இருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பாக்ராம் விமானத் தளம். நேஷனல் ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம், ஐந்து கவச ராணுவ வண்டிகளோடு துபாய்க்குக் கிளம்பியது. மூன்று வண்டிகள் தலா 18 டன், மற்ற இரண்டும் தலா 12 டன். எழும்பும்போது ஒரு வண்டியாவது கட்டு அறுந்து பின்னால் உருண்டது. எடை மையம் பின்னால் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். உருண்ட வண்டி வால்பக்கச் சுவரை இடித்து, மூக்கை ஏற்றி இறக்குகிற வால்சிறகின் இயந்திரத்தையும், இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளையும் நொறுக்கிவிட்டது. அதற்குமேல் பைலட்டுகளால் எதுவும் செய்ய முடியாது. ஏழு பேரும் இறந்தார்கள். விமானம் வானத்தில் ஒரு கணம் நின்று அப்படியே சரிவதை, ரோட்டில் போன ஒரு வண்டியின் கேமரா படம் பிடித்திருந்தது. பலரும் பார்த்திருப்பீர்கள்.

அந்த விமானம் பாக்ராமுக்கு வேறொரு தளத்திலிருந்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து, எரிபொருள் போடத்தான் நின்றது. அங்கே வண்டிகளைக் கட்டியிருந்த பெல்ட் ஒன்று அறுந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள், காக்பிட்டில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறார்கள். குரல் பதிவில் அது இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விபத்தில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். ஒரு பெல்ட் அறுந்தால் அந்த ஒன்றை மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். அறுந்த பெல்ட் சொல்வது வேறு: மற்ற பெல்ட்டுகளும் தாங்க முடியாத பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன, முழுக் கணக்கையும் திரும்பப் போடு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த நிறுவனத்தின் கையேட்டில் இருந்த கட்டும் முறையே போதுமானதல்ல என்று சொன்னது. கட்டியவர்கள் சோம்பேறிகள் இல்லை. புத்தகத்தில் இருந்தபடி கட்டியிருக்கிறார்கள், புத்தகம்தான் தப்பு. சரக்கைக் கட்டுகிறவர்களுக்குப் பைலட்டுக்கும் மெக்கானிக்குக்கும் இருப்பதுபோல உரிமம் எதுவும் இல்லை என்பதையும் அதே வாரியம் சுட்டிக்காட்டியது.

கட்டுவதில் அடிக்கடி பார்க்கிற தவறு பெல்ட்டின் கோணம். நேர் செங்குத்தாகக் கீழே இழுத்துக் கட்டினால் பார்க்க இறுக்கமாக இருக்கும். ஆனால் அது சரக்கு மேலே எழும்பாமல் இருக்கத்தான் உதவும், முன்னும் பின்னும் நகராமல் இருக்க உதவாது. முன்பின் நகர்வைத் தடுக்க பெல்ட் சாய்ந்து நீண்டு போக வேண்டும். பெல்ட்டில் எழுதியிருக்கிற வலு நேராக இழுத்தால் கிடைப்பது. கோணம் மாறினால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். எத்தனை பெல்ட் என்று மட்டும் எண்ணுகிற சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னால் "எண்ணிக்கை சரியா இருக்குல்ல" என்பார்.

பேலட் லாக்குகளும் அப்படியே. தரையிலிருந்து எழும்பி நிற்கிற சின்ன இரும்பு நாக்கு அது. எழும்பியிருப்பது போலத் தெரியும், முழுசாக விழுந்திருக்காது. நாங்கள் ஷூ நுனியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்போம். 'டக்' என்று நின்றால் சரி, ஆடினால் மறுபடி. உடைந்த லாக் இருந்தால் அந்த இடத்தில் ஏற்றக்கூடிய எடையே குறைந்துவிடும். அது கையேட்டில் இருக்கும், லோட் கன்ட்ரோலுக்குச் சொல்லியே ஆக வேண்டும். "பக்கத்து லாக் பிடிச்சுக்கும்" என்பது கையேட்டில் எங்கேயும் இல்லை.

தரையில் நிற்கும்போதும் விமானம் காட்டிக்கொடுக்கும். மூக்குச் சக்கரத்துக்கு மேலே பளபளவென்று ஒரு கம்பி தெரியும், அதுதான் ஷாக் அப்சார்பர். முன்பக்கம் எடை இருந்தால் அமுங்கிக் கொஞ்சமாகத் தெரியும். பின்னால் எடை ஏற ஏற அந்தப் பளபளப்பு நீண்டுகொண்டே போகும். வளைகுடாவில் ஒருமுறை முன் ஹோல்டுக்குச் சரக்கைத் தூக்கி ஏற்றுகிற இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டது. நேரம் போகிறதே என்று பின்பக்கத்து ஆட்கள் தங்கள் வேலையை நிறுத்தவில்லை. மூக்குப் பக்கம் நின்றிருந்த மெக்கானிக் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டுக் கத்தினார். பின்னால் ஏற்றுவதை நிறுத்தி, ஏற்றியதில் கொஞ்சத்தை இறக்கிய பிறகுதான் மூக்கு பழையபடி உட்கார்ந்தது. விதி எளிமையானது: ஏற்றும்போது முன்னால் முதலில், இறக்கும்போது பின்னால் முதலில். பயணிகள் இறங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். 2023 அக்டோபரில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில், பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஜெட்புளூவின் ஏ-321 ஒன்று வாலில் உட்கார்ந்து மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்னால் இருந்தவர்கள் முதலில் இறங்குவார்கள், பின்னால் இருக்கிறவர்களும் பெட்டிகளும் அங்கேயே இருக்கும். நீளமான விமானங்களில் இதைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இனி எண்கள். ரேம்ப்பை விட்டு அறைக்குப் போன பிறகு நான் அதிகம் பயந்தது சரக்கைக் கண்டு இல்லை, விசைப்பலகையைக் கண்டு. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸின் ஏ-340, நிஜத்தில் 362.9 டன். கணக்குப் போடுகிற கருவியில் 262.9 என்று போட்டுவிட்டார்கள். ஒரே ஓர் இலக்கம். அந்தக் கருவி நூறு டன் குறைவான விமானத்துக்கு உரிய விசையையும் வேகத்தையும் கொடுத்தது. மூக்கைத் தூக்கினால் விமானம் எழும்பவில்லை, வால் தரையில் உரசியது. ஓடுபாதை முடிந்தே போனது. முழு விசையைக் கொடுத்து எப்படியோ எழுப்பினார்கள். போகிற வழியில் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டு போனது. 275 பேர் பிழைத்தது அதிர்ஷ்டம். இதே நூறு டன் தவறு 2003 மார்ச்சில் ஆக்லாந்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747-லும் நடந்திருக்கிறது: 347-க்குப் பதில் 247. அங்கேயும் வால் உரசியது, அங்கேயும் எல்லோரும் பிழைத்தார்கள். 2004 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்.கே. ஏர்லைன்ஸின் சரக்கு 747-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முந்தைய ஊரில் இருந்த குறைவான எடையே கணக்கில் நின்றுவிட்டது, ஏழு பேர் போனார்கள்.

இந்த மூன்றிலும் சரக்கு ஏற்றியவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் லோட் ஷீட் போடுகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு எண்ணைப் பார்த்தால் அது நடக்கிற காரியமா என்று மனசு கேட்க வேண்டும். நான் ஒவ்வொரு லோட் ஷீட்டையும் அனுப்புவதற்கு முன்னால், எரிபொருள் இல்லாத எடையை முன்கூட்டியே போட்ட மதிப்பீட்டோடு ஒப்பிடுவேன். முந்தைய நாள் அதே விமானம் எவ்வளவு எடையோடு போனது என்றும் பார்ப்பேன். வித்தியாசம் இருந்தால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். "ஹஜ் சீசன், ஆள் அதிகம்" என்றால் சரி. "தெரியல, சிஸ்டம் காட்டுது" என்றால் அனுப்பக் கூடாது.

சிஸ்டம் காட்டுவதும் தவறாக இருக்கலாம். 2014 மே மாதம் கான்பெராவிலிருந்து பெர்த்துக்குப் போன குவான்டாஸ் 737-ல் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் 87 பேர் கூட்டமாகப் பின் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு அவர்களைப் பெரியவர்கள் என்று எடுத்துக்கொண்டது. பின்னால் நல்ல கனம் இருக்கிறது என்று தாள் சொன்னது. நிஜத்தில் அங்கே புத்தகப்பை தூக்குகிற பிள்ளைகள்தான். விமானம் மூக்குக் கனமாகிவிட்டது, வழக்கத்தைவிடப் பலமாக இழுத்துத்தான் பைலட் எழுப்ப வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் பர்மிங்காமிலிருந்து கிளம்பிய டியூஐ விமானத்தில் நேர்மாறு. பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று பதிவு செய்த பெண்கள் 38 பேரை மென்பொருள் குழந்தைகளாக்கிவிட்டது. ஆளுக்கு 69 கிலோவுக்குப் பதில் 35 கிலோ. நிஜ எடை தாளில் இருந்ததைவிட 1,200 கிலோவுக்கு மேல் கூடுதல். அந்த இரண்டிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சராசரி எடை என்பது கலந்து உட்கார்ந்த கூட்டத்துக்குத்தான் பொருந்தும். பள்ளிச் சுற்றுலா, கபடி அணி, ராணுவ வீரர்கள் என்று ஒரே மாதிரி ஆட்கள் வந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் லோட் கன்ட்ரோலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விமானம் சின்னதாக ஆக ஆக இது முக்கியமாகிறது. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஷார்லட்டில் 19 இருக்கை பீச்கிராஃப்ட் ஒன்று விழுந்து 21 பேர் இறந்தார்கள். வால்சிறகின் கேபிளைத் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அதோடு, தாளில் சரியாக இருந்த எடை நிஜத்தில் கூடுதலாகவும் பின்னாலும் இருந்தது. பழைய சராசரி எடை இன்றைய மனிதர்களுக்குப் பொருந்தவில்லை என்று அப்புறம்தான் அதைக் கூட்டினார்கள்.

பயணியாகப் போகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், கொஞ்சம்தான். பாதி காலியாகப் போகிற விமானத்தில் கதவு மூடியதும் "பின்னால மூணு சீட்டும் காலி, படுத்துக்கலாம்" என்று எழுந்து போகிறவர்கள் நம் ஊர் விமானங்களில் நிறைய. பணிப்பெண் தடுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். யார் எந்தப் பகுதியில் என்பதை வைத்துத்தான் லோட் ஷீட் போட்டிருக்கிறது. ஒருவர் மாறினால் ஒன்றும் இல்லை. முப்பது பேர் ஒன்றாகப் பின்னால் போனால் அது கிட்டத்தட்ட இரண்டரை டன் இடம் மாறுவது. அதனால் மேலே எழும்பும் வரை கொடுத்த சீட்டிலேயே உட்காருங்கள். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் கேட்டுக்கொண்டு தாராளமாக மாறிக்கொள்ளலாம். அந்த வேகத்திலும் உயரத்திலும் வால்சிறகைத் தானியங்கி கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும்.